மூன்றாவது குப்பி

உங்கள் மேசையின் வலது மூலையில் வெனீர் எழும்பியிருக்கிறது, சார். யோசிக்கும்போதெல்லாம் அதை நகத்தால் நெம்பிக்கொண்டே இருக்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். இப்போதைக்கு விரல்நுனி அளவுதான் பெயர்ந்திருக்கிறது. உள்ளே கொஞ்சம் பசையைச் செலுத்தி, மேலே ஒரு கனத்தை ஏற்றி ஒருநாள் விட்டால் படிந்துவிடும். நெம்பி உடைத்துவிட்டால் ஒட்டுப் போட வேண்டிவரும். ஒட்டு என்றால் நிறம் பார்க்க வேண்டும். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். பூசி மெழுகுகிற ஆள் இல்லை நான். ஆனால் என் வேலை இன்னதென்று தெரியாமல் எழுதினால் நீங்கள் எழுதுவது வெறும் கொலைக்கேஸாகப் போய்விடும்.

நல்ல மரத்தைக் காகிதம்போலச் சீவி, மட்டமான பலகைமேல் ஒட்டியிருப்பார்கள். அதுதான் வெனீர். அலமாரி, மேசை, கட்டில் தலைமாடு, எல்லாம் பெரும்பாலும் அதுதான். அதில் தண்ணீர் இறங்கும், சூடுபடும், சில்லு பெயரும். பெயர்ந்த இடத்தைச் சுற்றிப் படகு வடிவத்தில் வெட்டி எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் புதுத் துண்டை வெட்டி உள்ளே இறக்குவேன். மரத்தின் ரேகை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அறுபடாமல் ஓட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் வருடிப் பாருங்கள், எங்கே ஒட்டு என்று உங்களால் சொல்ல முடியாது. இந்த ஊரில் அப்படி ஒட்டுகிறவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, உங்கள் விசாரணைக்கு அது தேவைப்படும்.

எனக்கு நிறம் தெரியாது. சிவப்பு, பச்சை, பழுப்பு, மூன்றும் என் கண்ணுக்கு ஒரே சேறு. பள்ளிக்கூடத்தில் மரம் வரையச் சொன்னபோது இலையைப் பழுப்பாகவும் அடிமரத்தைப் பச்சையாகவும் தீட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் தங்கைக்கு அப்போது ஆறு வயது. விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பென்சில்களை எல்லாம் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து இது இன்னது என்று சொல்லிக்கொடுத்தாள். அம்மா அப்பாவுக்குக்கூட அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது.

பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பத்தொரு வயதாகியும் பாப்பாதான். பட்டறையில் சன்னலோரத்தில் அவளுக்கு ஒரு ஸ்டூல். பத்துக் குழியுள்ள தகரப் பெட்டி ஒன்றில் எட்டுச் சாயக் குப்பிகள். மூன்றாவது குழியில் சிவப்பு, ஆறாவதில் பச்சை. மரம் அளவுக்குமீறிச் சிவந்து தெரிந்தால் அதை அடக்கத்தான் பச்சை. வாடிக்கையாளர் எதிரில் "மூணு, ரெண்டு சொட்டு" என்பாள். நான் எடுத்து விடுவேன். பார்க்கிறவர்கள் அவளை எனக்கு எடுபிடி என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

இருபத்தாறு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு வருடம் நான் தனியாக வேலை பார்த்தேன். ஒரு வக்கீல் வீட்டுச் சாப்பாட்டு மேசையை முடித்துக் கொடுத்தபோது, அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கூனிக்குறுகிப் போனேன், சார். அப்புறம் பாப்பாவின் வீட்டு மாடிப்படியில் கைப்பிடி பெயர்ந்து மாப்பிள்ளை விழுந்து இறந்துபோனார். பாவம், சின்ன வயது. நான்தான் போய் அவளை அழைத்துவந்தேன். சன்னலோர ஸ்டூல் அவளுக்காகக் காலியாகவே இருந்தது. பதிமூன்று வருடம் நிம்மதியாக இருந்தோம்.

பல் டாக்டரைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. கீழே சிகிச்சை அறை, மேலே வீடு. மேலே கூடத்தில் ஒரு நீளமான தாழ்ந்த அலமாரி. பூச்சாடி கவிழ்ந்து மேற்பலகை முழுக்கத் தண்ணீர் இறங்கி, வெனீர் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. வாசல் வழியே அலமாரி வெளியே வராது. அதனால் நாங்கள் அங்கே போய் வேலை செய்தோம்.

மூன்று நாள் வேலை. முதல்நாளே பாப்பா சாயம் கலக்குவதைப் பார்த்துவிட்டு அவர் கீழே போய் ஒரு அட்டையை எடுத்துவந்தார். அதில் வரிசையாகப் பொய்ப்பற்கள். புதுப் பல் கட்டும்போது பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்ப்பதற்காம். இரண்டு பேரும் சன்னல் பக்கம் நின்று அரைமணி நேரம் வெள்ளையைப் பற்றிப் பேசினார்கள். இது மஞ்சள் கலந்த வெள்ளை, இது சாம்பல் கலந்த வெள்ளை என்று. எனக்கு எல்லாம் பல்லாகத்தான் தெரிந்தது. பாப்பா சிரித்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூட நாளில் என் படத்தைப் பார்த்துச் சிரித்தாளே, அப்படி ஒரு சிரிப்பு. அதற்கப்புறம் நான் அதைக் கேட்டதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒருநாள் மதியம் சாப்பிடும்போது சொன்னாள். டாக்டரோடு கல்யாணம், பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியாயிற்று, வெள்ளிக்கிழமை என்று. நான் நல்லது என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். அவளும் போட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்காக என்னென்னவோ செய்துகொண்டிருந்தாள். சட்டைகளின் காலரில் உள்பக்கம் நிறத்தின் பெயரைத் தைத்தாள். குப்பிகளில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். பட்டறையில் நின்று ஏதேதோ விளக்கிக்கொண்டே இருப்பாள். நான் தலையை ஆட்டுவேன். காதில் வாங்கவில்லை, சார். அவள் போகப்போகிறாள் என்பதுதான் அந்தப் பேச்சு முழுவதும். அதை நான் ஏன் கேட்க வேண்டும்?

புதன்கிழமை மதியம் டாக்டர் வீட்டுக்குப் போனேன். ஒட்டு ஒழுங்காகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். திட்டம் போட்டுப் போனேன் என்று எழுதிவிடாதீர்கள். பையில் ஐந்து கிலோ எடைக்கல் இருந்தது உண்மை. வெனீரை அழுத்திவைக்க அது எப்போதும் பையில் இருக்கும். அழுத்தும்போது அடியில் வைக்கிற மெழுகுத் தாள்தான் அன்று எடுத்துப்போகவில்லை. மறந்திருப்பேன்.

இரண்டிலிருந்து ஐந்துவரை அவருக்குச் சிகிச்சை நேரம் இல்லை. தனியாக இருந்தார். என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ரொம்பவும் பதமாக ஆரம்பித்தார்.

"அவங்க எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லீங்க. எத்தனையோ பேருக்கு இருக்கு."

நான் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்களும் எங்களோடயே வந்து இருங்க. ஆனா இத்தனை வருஷம் அவங்க உங்க கண்ணா இருந்தது போதும். இனிமே அவங்க அவங்களுக்காகப் பாக்கட்டும்."

முப்பத்தைந்து வருடம் அம்மா அப்பாவுக்குக்கூடத் தெரியாத விஷயம். அதை வாயில் போட்டு மென்றுகொண்டு அந்த மனிதர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. வந்ததாக எழுதினால் அது பொய். இந்த வேலையில் கோபம் உதவாது. கை நடுங்கும்.

அலமாரியில் ஓர் இடம் திரும்பவும் எழும்புகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள் என்றேன். குனிந்தார். கன்னம் பலகையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார். எடைக்கல்லால் ஒரே அடிதான். இரண்டாவது தேவைப்படவில்லை. அவர் அதிகம் கஷ்டப்படவில்லை என்பதைப் பாப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டும்.

விழும்போது நெற்றி அலமாரி விளிம்பில் பட்டது. ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது, சார், கட்டைவிரல் அகலத்துக்கு. இரண்டு மாதம் முன்னால்தான் நான் கண்ணும் கருத்துமாக முடித்த வேலை.

ஓடிப்போயிருக்கலாம். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக இருக்கட்டும் என்று அங்கே கொண்டுபோய்க் கிடத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டாயிற்று. ஆனால் கூடத்தில் அலமாரி உடைந்திருந்தால் யாராவது கேட்பார்கள். அதுவும் தவிர, அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மரத்தின்மேல் ரத்தம் என் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவி, பிசுக்கு இருந்த இடத்தையெல்லாம் துடைத்தேன். பழைய வேலையில் மிஞ்சிய வெனீர் பையில் இருந்தது. உடைந்த இடத்தைச் சீராக வெட்டி, துண்டை இறக்கி, அடுக்களையில் எண்ணெய்த் தாள் தேடி எடுத்து, அவருடைய இஸ்திரிப் பெட்டியையே சூடாக்கி அழுத்தினேன். பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக்காகத் தேய்த்துவைத்த சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. என்ன நிறம் என்று தெரியாது. பிறகு பையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, மூன்றாவது குழியில் இருந்ததை இரண்டு சொட்டு விட்டுப் பாலிஷோடு கலந்து பூசினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் விழுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. என் ஆயுசிலேயே அதைவிடச் சுத்தமான ஒட்டு நான் போட்டதில்லை. அதுவும் தனியாக.

வழுக்கி விழுந்தார் என்று உங்கள் ஆட்களே எழுதினார்கள். அடக்கமும் முடிந்தது. மூன்றாம் நாள் பாப்பா அந்த வீட்டுக்குப் போனாள். அவர் படத்தை எடுத்துவரப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவள் கையில் படம் இல்லை. நேராகப் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுது வீங்கிய முகம்தான், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அண்ணா, மூணாவது குழியில என்ன இருக்கு?"

தொழில் கேள்வி. யோசிக்காமல் பதில் வந்துவிட்டது. "சிவப்பு."

"நான்தான் மாத்தி வெச்சேனே. சிவப்பு சேந்ததெல்லாம் இந்தக் கோடி, பச்ச அந்தக் கோடி, நடுவுல ஒண்ணும் வெக்கல, குழம்பிடாதேன்னு சொன்னேனே. பேரு கூட எழுதி ஒட்டினேனே."

எனக்குப் படிக்கிற பழக்கம் இல்லை. இத்தனை வருடமும் கை இடத்தைத்தான் தேடும். சிவப்பெல்லாம் ஒரு கோடி என்றால் அது வலது கோடி என்று அவள் சொல்லியிருக்கிறாள். இடது கோடி பச்சையாம்.

"கதவுல நிக்கும்போதே தெரிஞ்சுது. பாசி புடிச்ச மாதிரி, பச்சையா. கிட்டப் போயி நகத்த வெச்சுப் பாத்தேன். ஒட்டே தெரியல." கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தாள். "இவ்ளோ நல்லா ஒட்டிட்டு, இப்படி ஒரு நிறம் குடுக்க உலகத்துல ஒரே ஆளாலதான் முடியும்."

செருப்பை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. அவள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. தப்பு என்னுடையதுதான், சொன்னபோது காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பச்சையை அவள் யாரும் பார்க்காமல் மாற்றிப் பூசிவிட்டு வந்திருக்கலாம், அதற்கு அவளுக்கு ஐந்து நிமிடம் போதும். அது மட்டும்தான் மனத்தில் கொஞ்சம் உறுத்துகிறது.

மாப்பிள்ளை விஷயத்தையும் தோண்டுகிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கைப்பிடியை முந்தைய வாரம் சரிபார்த்துக் கொடுத்தது நான்தான். திருகாணிகளைக் கழற்றிவிட்டு, துளைகளில் மரத்தூளும் பசையும் அடைத்து, மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். வெள்ளைக்கு நிறம் பார்க்க வேண்டியதில்லை. பதிமூன்று வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் வேலை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் நல்ல மனிதர்தான். பாப்பாவுக்குக் கெட்டவர்களாகப் பார்த்துக் கட்டிவைக்கிற அண்ணன் இல்லை நான்.

வெளியே பெஞ்சில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறாள் என்று இந்தக் காவலர் சொல்கிறார். அதற்கு மட்டும் இல்லை, சார். உங்களுக்கு அவளைத் தெரியாது. கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னைப் பார்க்க உள்ளே வருவாள். நான் எங்கே இருந்தாலும் வாராவாரம் வருவாள். வந்து, இந்தச் சுவர் என்ன நிறம், அந்தக் கதவு என்ன நிறம் என்று எனக்குச் சொல்வாள். வராமல் எங்கே போவாள்? என்னை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. அதற்காகத்தானே, சார், இரண்டு தடவை இவ்வளவு பாடுபட்டேன்.