எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள்

உங்களுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது, இன்ஸ்பெக்டர். அதற்கெல்லாம் டாக்டரைத் தேடி வர வேண்டாம் என்று எங்கள் கிளினிக் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். வெந்நீர் குடித்து ஓய்வெடுங்கள், போய்விடும்.

அந்தச் சுவரில் இரண்டு தாள்கள் உண்டு. நோயாளிகள் எங்களிடம் எதிர்பார்க்கக்கூடியவை ஒன்றில்; நாங்கள் அவர்களிடம் எதிர்பார்ப்பவை இன்னொன்றில். முதல் தாளை டாக்டர் லோமாக்ஸ் எழுதினார். இரண்டே வரி. மற்றதை நான் எழுதினேன். அதற்குச் சுவர் போதாமல் கதவிலும் ஒட்ட வேண்டியிருந்தது. வரவேற்பு மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்குத்தானே தெரியும், ஜனங்களைப் பற்றி.

தலையான விதி, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குப் போன் செய்ய வேண்டும். யார்க்ஷயரில் எங்கள் ஊர் முழுக்க அந்த நேரத்தில் போனும் கையுமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அன்றைக்கு டாக்டரைப் பார்ப்பதற்கான எல்லா இடமும் தீர்ந்துவிடும். பிந்தியவர்களுக்கு மறுநாள் எட்டு மணி. நோய்க்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா?

கிரிம்ஷா என்று ஒருவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் போனே செய்ய மாட்டார். இருமிக்கொண்டு நேரில் வந்து நிற்பார்.

“உன்னைத் தாண்டி டாக்டரைப் பாக்குறதுக்குள்ள லண்டன் போய் ராஜாவையே பாத்துட்டு வந்துடலாம், டோரீன்.”

“ராஜாகிட்டயும் முன்னாடியே சொல்லிட்டுத்தான் போகணும், கண்ணு. என்ன விஷயமா டாக்டரைப் பாக்கணும்?”

“அதை அவர்கிட்டதான் சொல்லுவேன்.”

“அப்போ நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுங்க.”

இப்படிச் சுமுகமாகத்தான் இருந்தோம். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். காத்திருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் கிரிம்ஷாவின் தோளில் கை போட்டார்.

“நீங்க உள்ள வாங்க. டோரீன், இந்த எட்டு மணிக் கூத்தெல்லாம் போதும். திங்கக்கிழமையிலேர்ந்து யார் வந்தாலும் பாக்குறேன். உன் தாளையெல்லாம் கிழிச்சுப் போட்டுடு.”

ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, மறைப்பானேன். ஆனாலும் தாளை நான் கிழிக்கவில்லை. திங்கட்கிழமை வரை பழைய விதிதானே.

மதியச் சாப்பாட்டுக்குக் கிளினிக்கை மூடுவோம். அன்றைக்கும் கதவைப் பூட்டிவிட்டு முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தேன். டாக்டர் அறையிலிருந்து போன் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் போன் எடுப்பதே இல்லை. அவருக்காக எடுத்தேன்.

“டோரீன்... ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எழுந்திரிக்க முடியல.”

“என்ன விஷயம்னு கொஞ்சம் சொல்ல முடியுமா, டாக்டர்?”

“நெஞ்சு வலி... சீக்கிரம்மா.”

அந்தக் குரலைக் கேட்டு எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அவருடைய மொபைல் என் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்த கோட்டில் இருந்தது. அவர் அறைப் போனிலிருந்து வெளியே பேச முடியாது; நோயாளிகளைத் தானே கூப்பிட்டு இஷ்டத்துக்கு வரச் சொல்கிறார் என்று நான்தான் துண்டிக்க வைத்தேன். ஆக, கூப்பிட வேண்டியவள் நான்தான். ஆனால் தெரிந்தவர் என்பதற்காக ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால், காலையில் அவர் செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

“இன்னிக்கு எல்லா இடமும் முடிஞ்சிருச்சு, டாக்டர். நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுங்க.”

“விளையாடாதே, டோரீன்...”

நான் விளையாடவில்லை. போனை வைத்தேன். உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தேன்.

பிற்பகலில் வந்தவர்களிடம், டாக்டர் இன்று யாரையும் பார்க்க மாட்டார் என்றேன். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. மனைவி போன பிறகு தனியாக இருந்தவர் என்பதால் இரவிலும் யாரும் அவரைத் தேடவில்லை.

மறுநாள் முதல் இடத்தை அவருக்காகவே ஒதுக்கி வைத்தேன். ஊரில் ஒரே டாக்டர் அவர்தான், அப்படியிருக்க அவரை யார் பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். அதைத் தீர்மானிப்பது வரவேற்பு மேசையின் வேலை இல்லை. எட்டு மணிக்கு அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டது கிரிம்ஷா. வாழ்க்கையில் முதன்முறையாக, மணி அடித்ததுபோல எட்டுக்கு! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தை அவருக்கே கொடுத்தேன். அவர்தான் வந்து டாக்டர் அறைக் கதவைத் திறந்தார்.

“அடிப்பாவி, டாக்டர் செத்துக் கிடக்குறாரு!”

ஊழியர்களைப் பார்த்துக் கத்தக் கூடாது என்பதும் என் தாளில் இருக்கிறது. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொண்டேன்.

ஆமாம், இன்ஸ்பெக்டர். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அது தெரிந்துதான் கூப்பிடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இடம் ஒதுக்கியும் சொல்லாமல் கொள்ளாமல் வராமலிருப்பவர்களை நாங்கள் சும்மா விடுவதில்லை. அடிக்கடி செய்தால், வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவோம். டாக்டருக்கு இதுதான் முதல் தடவை. அதனால் அவர் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் போட்டிருக்கிறேன்.