பல் கவசங்களின் கையளிப்பு விழா

எங்கள் பாடசாலையில் எந்தப் பொருளும் வீணாய்ப் போனது கிடையாது. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் அலுமாரியைத் திறந்தே பார்க்கலாம். புரொஜெக்டர் வந்த பெட்டியிலேயே இருக்கிறது. பூகோள உருண்டையின் பொலித்தீன் உறைகூடக் கிழியவில்லை. பிள்ளைகள் கை பட்டால் எதுதான் தங்கும்?

பல் கவசங்களும் அப்படித்தான் பத்திரமாக இருந்தன. பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்காகப் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியவை. வெந்நீரில் இளக்கி வாயில் வைத்துக் கடித்தால் அவரவர் பல்லுக்கு ஏற்றபடி படிந்துகொள்ளும். நல்ல பொருள். ஆனால் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேடை, குத்துவிளக்கு, மாலை, பிரதம விருந்தினர், படம். அதற்கு முன்னாலேயே ஒரு பிள்ளை கடித்துவைத்ததை விருந்தினர் கையில் எப்படிக் கொடுப்பது?

விருந்தினருக்கோ நேரமில்லை. தைப்பொங்கல் கழியட்டும் என்றார். பிறகு சிவராத்திரி கழியட்டும் என்றார். போட்டி அவருக்காகக் காத்திருக்குமா?

நோட்டன் பிரிட்ஜுக்கு அணி புறப்பட்ட காலையில் எங்கள் கோல் கீப்பர் கேஷிகா எனக்கு வணக்கம் சொல்லவில்லை. மரியாதையான பிள்ளை, வாயை இறுக மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறப் பார்த்தாள். விசாரித்தால், விளையாட்டு ஆசிரியர் ஜெரோஷன் எனக்குத் தெரியாமல் ஒரு கவசத்தை எடுத்து அவளுக்கு இளக்கிக் கொடுத்திருக்கிறார்.

"அந்த டீம் புள்ளைங்க பூட்ஸ் போட்டு ஆடுறாங்க சேர். இவ அவங்க கால்ல விழுந்துதான் பந்தப் புடிக்கணும். இவளுக்கு மட்டுமாவது இருக்கட்டுங்க சேர்."

"ஒருத்திக்குக் குடுத்துட்டு மத்தவங்களுக்கு இல்லைன்னா, அது நியாயமா மாஸ்டர்?" என்று கேட்டேன். நியாயம் என்று வந்தால் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவளுடைய அம்மா ஜீவராணி, கொழுந்து பறிக்கப் போகாமல் மகளை வழியனுப்ப வந்திருந்தாள். "இன்னைக்கு மட்டும் போட்டுக்கட்டுங்க சேர். நான் நல்லாக் கழுவிக் கொண்டாந்து தந்துர்றேன்" என்று கெஞ்சினாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் பாடசாலை அதிபர் வேலை பார்க்க முடியாது. கையை நீட்டினேன். பிள்ளை அதை என் உள்ளங்கையில் துப்பினாள்.

இரண்டாவது பாதியில், பந்தோடு வந்த பூட்ஸை அவள் முகத்தால் தடுத்தாள். கோல் விழவில்லை. வெற்றி எங்களுக்குத்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பற்கள் இரண்டும் புல்லில் கிடந்தன. அவை இனி முளைக்காத பற்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

விழா சிறப்பாக நடந்தது. முதல் கவசத்தைக் கேஷிகாவுக்கே கொடுக்க ஏற்பாடு செய்தேன். யாருக்கு அந்த உரிமை அதிகம்? படத்துக்கு வாயை மூடியபடி சிரிக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவே இல்லை, அதை நான் பெரிதுபடுத்தவும் இல்லை. படம் எடுத்து முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டோம்.

பாவித்த பொருளை விருந்தினர் கையில் கொடுத்து அவமதித்தேன் என்பதுதானே என்மீது முறைப்பாடு? அது அபாண்டம். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே நான் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். கவசத்தில் அவளுடைய முன்பற்கள் இரண்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. வெந்நீரில் போட்டு, விரலால் நீவிச் சரிசெய்தேன். இதோ, கையில் எடுத்துப் பாருங்கள். புதிது மாதிரித்தானே இருக்கிறது.