கண்டல்முனையில் கதிரை போன ஊர்வலம்

தலைமை ஏற்றும் தலைக்கனம் ஏற்காத எங்கள் மன்றத் தலைவர் ஜனாப் கலீலுர் றஹ்மான் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "இந்த ரீச்சர் எப்ப முடிப்பா?" என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் தடவிப் பார்க்கும் பெரியோர்களே! வீட்டையும் குசினியையும் கணவன்மாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் வீரத் தாய்மார்களே! திரும்பிப் போகும்போது வீடு நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று உங்களோடு சேர்ந்து நானும் வேண்டிக்கொள்கிறேன். நாளை காலை துறைமுகத்துத் தெருக்களில் வீடு வீடாக இறங்கப்போகும் இளந்தொண்டர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், என் தோத்திரம், என் ஸலாம்!

நான் அருள்மலர். வீடு அன்புவழிபுரத்தில், படிப்பிப்பது மூதூருக்கு அப்பால் கண்டல்முனைப் பள்ளிக்கூடத்தில், இரண்டுக்கும் நடுவே கொட்டியாரக் குடாக் கடல். கிழமைக்குக் கிழமை லோஞ்சுப் படகில் ஏறி, அலையோடு அலைந்து, ஆடி, அசைந்து கரை சேருகிறவள். ஆகவே இந்த மேடை சற்று ஆடினாலும் அஞ்சமாட்டேன்.

நாளை நீங்கள் வறுமையைத் தேடிப் போகிறீர்கள். நல்லது. ஆனால் தம்பிமாரே, தங்கைமாரே, வறுமை வாசலில் வந்து நின்று உங்களை வரவேற்குமா? "நான்தான் வறுமை, வாருங்கள், என்னை எழுதிக்கொள்ளுங்கள்" என்று வாய் திறந்து சொல்லுமா? சொல்லாது! வறுமைக்கு வாய் கிடையாது. ஆனால் வெட்கம் உண்டு. அந்த வெட்கத்தோடு நமது தலைவர் பட்ட பாட்டை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். சொல்லலாமா, தலைவர் அவர்களே? தலையை ஆட்டுகிறார். அது ஓம் என்ற ஆட்டமா, ஐயோ என்ற ஆட்டமா என்று எனக்கு விளங்கவில்லை. ஓம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வறுமையை ஆராய்கிற நமது மன்றம் பிறந்த புதிது. அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் அடித்து ஓய்ந்து சில வருடங்கள். அந்தப் புயலிலே கண்டல்முனைக் கிணறுகளுக்குள் கடல் வந்து போனது. கடல் போனது, உப்புப் போகவில்லை. முஸ்லிம் வீடுகளும் கத்தோலிக்க வீடுகளும் வேலிக்கு வேலி தொட்டு நிற்கும் அந்தக் குடியிருப்பில், பெண்கள் குடத்தோடு தோணி ஏறி, களப்பைக் கடந்து, அக்கரையில் தண்ணீர் அள்ளி வந்தார்கள். காற்று எழும்பினால் தோணி இல்லை. தோணி இல்லையென்றால் உப்புத் தண்ணீர்தான்.

இதை ஆராய்ந்து, அறிக்கை எழுதி, அரசாங்கக் கச்சேரியில் கொடுத்து, குழாய்த் தண்ணீர் கொண்டுவருவது என்று நமது மன்றம் முடிவெடுத்தது. தலைவர் புறப்பட்டார். எப்படிப் புறப்பட்டார்? இடுப்பிலே மடிப்புக் கலையாத நீளக் களிசான்! காலிலே முகம் பார்க்கும் அளவு மினுங்கும் சப்பாத்து! கழுத்திலே கழுத்துப்பட்டி! கடற்கரை மணலுக்குள் கழுத்துப்பட்டியோடு இறங்கிய முதல் மனிதர் எங்கள் தலைவர்தான். ஊர் நாய்களெல்லாம் குரைக்கவும் மறந்து நின்றன. கூடப் போனவர் மன்றத் தொண்டர் ஜெமீல். அவரோ லோஞ்சிலேயே மயங்கி, கரையில் இறங்கியதும் "கண்டல்முனை ஏன் இன்னும் ஆடுது?" என்று கேட்டவர். யாரது பின்னால் சிரிக்கிறது? ஜெமீல் தம்பியேதான்! சிரியுங்கள், சிரியுங்கள். இன்றைக்குத்தான் அவர் சிரிக்கிறார். அன்றைக்குப் பச்சை நிறமாக இருந்தார்.

இவர்கள் வருகிற செய்தி முதல் நாளே ஊருக்கு வந்துவிட்டது. தேத்தண்ணிக்கடை அலியாரின் மர வாங்கிலே ஊர் கூடியது. அலியார் கேட்டார்: "பட்டணத்துக் கந்தோர் ஆக்கள் வாறாங்க. மண்ணிலயா இருத்துற? நம்மட ஊருக்கு ஒரு மானம் மரியாதை இல்லியா?"

எல்லோரும் யோசித்தார்கள். ஊரிலே எந்த வீட்டிலும் உட்கார ஒரு கதிரை கிடையாது. அந்தோனியார் கோவிலில் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒருதரம் வரும் சுவாமியார் இருக்கிற கதிரை. கோவில் சாவி சூசைப்பிள்ளையின் இடுப்பில். அவர் நெற்றியைச் சொறிந்து, தொண்டையைச் செருமிச் சொன்னார்: "கதிரை எல்லா வீட்டுக்கும் போகட்டும், எனக்கு ஒண்டுமில்லை. ஆனால் சுவாமி வர முன்னம் கோவிலுக்கை நிக்க வேணும். இல்லாட்டி நான் முழங்காலிலை நிக்க வேண்டி வரும்!"

அடுத்த நாள் நான் வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூட யன்னலால் பார்த்தால், அன்ஸார் என்ற வலைகாரர், பார்த்தால் பயப்படும்படியான பெரிய மனிதர், கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலிக்கு வேலி பாய்கிறார். முன்பக்கத்து ஒழுங்கையாலே தலைவரும் ஜெமீலும் அடுத்த வீட்டுக்கு நடக்கிறார்கள். பின்பக்கத்துக் கிடுகு வேலியாலே கதிரை அதற்கு முந்தி ஓடுகிறது. அதற்குப் பின்னாலே அலியார், கடையின் பூப்போட்ட கோப்பைகளில் அக்கரைத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணியை ஏந்திக்கொண்டு! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளையள், ஊரிலை என்ன கலியாணமோ?" என்று கேட்டேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. கணக்கிலே திறக்காத வாய் அதிலேயும் திறக்கவில்லை!

அந்தக் கதிரையிலே ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் தலைவரின் களிசானைப் பிடித்தது. இரண்டாம் வீட்டிலும் அதே இடத்தில் பிடித்தது. அடுத்த வீட்டிலும் பிடித்தது! ஆராய்ச்சியாளர் அல்லவா? ஆராய்ந்தார்! ஆழமாக ஆராய்ந்தார்! ஆராய்ந்து அறிக்கையிலே எழுதினார்: "இவ்வூரில் வீடுதோறும் கதிரை உண்டு. யாவும் ஒரே தச்சனின் கைவண்ணம் எனக் கருத இடமுண்டு!"

கைதட்டுங்கள், கைதட்டுங்கள். தலைவரே தட்டுகிறார்.

சிரித்தோம். ஆனால் சபையோரே, அந்த அறிக்கை கச்சேரிக்குப் போனது. என்ன பதில் வந்தது? கதிரை உள்ள ஊர், பூக்கோப்பை உள்ள ஊர், வந்தவருக்கு விசுக்கோத்துக் கொடுக்கிற ஊர், தண்ணீரிலும் குறையில்லை என்கிற ஊர். இவர்களை விட ஏழைகள் மாவட்டத்தில் மலிந்திருக்க, இவர்களுக்கு முதலில் குழாயா? முடியாது. கோப்பு மூடப்பட்டது.

தலைவர் மனம் உடைந்தார். தானே நேரில் போய்ச் சொல்வது முறை என்று, முன்னறிவிப்பு இல்லாமல், தனியே வந்தார். கழுத்துப்பட்டி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு, முன்பு கதிரையில் இருந்த வீடுகளில் ஒன்றுக்குப் போனார். அது றுக்கியாவின் வீடு. கணவர் கடலுக்குப் போயிருந்தார். படலையைத் திறந்து உள்ளே போனால் ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு குடம். றுக்கியா எங்களைக் கண்டு எழும்பி, சுற்றுமுற்றும் பார்த்து, திகைத்து நின்றா.

"கதிரை எங்க தங்கச்சி?" என்று தலைவர் கேட்டார்.

றுக்கியா வேலிப் பக்கம் பார்த்தா. தலைவர் பாயைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், தன் களிசானைப் பார்த்தார். ஆணி கிழித்த இடத்தை மெல்லத் தடவினார். அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று! "ஒரே கதிரையா?" என்றார். றுக்கியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. தோள் குலுங்கிற்று. பொத்த ஏலாமல் சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நாங்கள் மூவரும் மண்ணிலே இருந்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு, றுக்கியா கண்ணைத் துடைத்தா. துடைத்த கண் மறுபடியும் நிறைந்தது.

தலைவர் முதல்முறை வருமுன், ஒரு கோடையில் காற்று எழும்பித் தோணி போகவில்லை. உப்புத் தண்ணீர் குடித்து, நடை பழகிய பெண்பிள்ளை ஒன்று வயிற்றோட்டத்தில் போய்விட்டது. அது றுக்கியாவின் பிள்ளை. தலைவர் முதல்முறை அந்த வீட்டுக் கதிரையில் இருந்தபோது, அந்தப் பிள்ளையை அடக்கிச் சில மாதங்கள்தான். "பிள்ளைகள்?" என்று அவர் கேட்டதற்கு, இருக்கிற பிள்ளைகளை மட்டும் சொன்னா. "குறை ஏதும்?" என்று கேட்டதற்கு, "அல்லாஹ்ட கிருபையால ஒரு குறையுமில்ல" என்றா.

"அண்டைக்கு ஏன் சொல்லல்ல தங்கச்சி?" என்று தலைவர் கேட்டார்.

"நீங்க ஊட்டுக்கு வந்த ஆக்கள். வந்த ஆக்களுக்கு தேத்தண்ணி குடுக்கிறதா, அழுது காட்டுறதா?"

தாய்மாரே, இதற்கு எந்த ஆராய்ச்சியாளனிடம் பதில் உண்டு?

மன்றத்திலே சிலர் தலைவருக்குப் புத்தி சொன்னார்கள். அறிக்கை பிழை என்று நாமே சொன்னால் நாளைக்கு நம்மை எவன் நம்புவான்? நிலைமை மாறிவிட்டது என்று எழுதிவிட்டுப் போவோம் என்றார்கள். அப்போது இந்த மனிதர் சொன்னதை நான் என் காதால் கேட்டனான்: "நம்பாட்டிப் போகட்டும். அந்தப் பிள்ளை குடிச்ச தண்ணியை நல்ல தண்ணி எண்டு சொல்லுது என்ட அறிக்கை. அதோட நான் நித்திரை கொள்ள ஏலாது." இவரை இவ்வளவு நேரம் கேலி செய்தேனே, ஏன் தெரியுமா? கேலியைத் தாங்குகிற மனிதரால்தான் தன் பிழையையும் தாங்க முடியும். அதனால்தான் இவர் எங்கள் தலைவர்!

கச்சேரிக்குப் போனோம். தலைவர், நான், றுக்கியா. நீண்ட மேசை. மேசைக்குப் பின்னால் அதிகாரி. மேசையைச் சுற்றி வெறுங்கதிரைகள். தலைவர் நின்றபடி, "என் அறிக்கை பிழை" என்று தொடங்கி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நானும் றுக்கியாவும் சுவரோரம் நின்றோம். "இருங்கள்" என்று ஒரு சொல் எவரும் சொல்லவில்லை.

அதிகாரி கேட்டார்: "அப்ப அந்தச் சனங்கள் பொய் சொல்லியிருக்கினம். பொய் சொல்லுற ஆக்களுக்கு அரசாங்கம் என்னெண்டு உதவுறது?"

றுக்கியா முந்தானையை இழுத்துத் தலையை மூடினா. ஓரடி முன்னே வந்தா. "பொய் செல்லல்ல ஐயா. நீங்க அனுப்பின ஆக்கள் எண்டு நினைச்சம். எங்கட ஊருக்கு ஒரு ஆள் வந்தா, இல்லாத கதிரைய ஊரெல்லாம் தேடி எடுத்துப் போடுவம். நான் உங்கட கந்தோருக்கு வந்து எவ்வளவு நேரமா நிக்கிறன். இங்க எத்தின கதிரை சும்மா கிடக்கு, ஐயா?"

அதிகாரி மேசையைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறி கூட மெல்லச் சுற்றியது போல எனக்கு ஒரு பிரமை. அந்த அதிகாரியும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. எழும்பி வந்தார். தன் கையாலேயே ஒரு கதிரையை இழுத்து, "இருங்கோ அம்மா" என்றார்.

"இல்ல ஐயா, லோஞ்சுக்கு நேரமாயிட்டு. நீங்க எங்கட ஊருக்கு வாங்க."

வந்தார்! சொன்னபடி வந்தார்! அன்றைக்கும் அன்ஸார் பழக்கதோசத்தில் கதிரையைத் தலையில் தூக்கிவிட்டார். றுக்கியா படலையை மறித்து, "கொண்டு போய்க் கோயில்ல வெய்ங்க காக்கா!" என்று திருப்பி அனுப்பினா. அதிகாரி பாயில் இருந்தார். ஊர்க் கிணற்றுத் தண்ணீரிலேயே தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்தார். முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன். அலியார் பணிவோடு கேட்டார்: "என்ன ஐயா, சீனி காணாதா?"

உடனே குழாய் வந்ததா? வரவில்லை. அரசாங்கத்துக்கு அவசரம் கிடையாது. எழுதினோம், கச்சேரிப் படி ஏறினோம், இறங்கினோம், மறுபடியும் எழுதினோம். மாரி வந்து போய், மறு மாரியும் வந்த பிறகே மூதூர்ப் பக்கமிருந்து குழாய் வந்தது. கோடை வந்தால் என் வகுப்பிலே வாங்குகள் வெறுமையாகக் கிடக்கும். வயிற்றோட்டம், காய்ச்சல், அக்கரைத் தண்ணீர் என்று பிள்ளைகள் வரமாட்டார்கள். போன கோடையில் என் வகுப்பு நிறைந்திருந்தது. நிறைந்த வகுப்பிலே சத்தம் தாங்க ஏலாது. அந்தச் சத்தத்தை நான் ஒருநாளும் அடக்கவில்லை.

தொண்டர்களே! நாளை உங்களோடு றுக்கியாவும் வருகிறா. அதோ, மூன்றாம் வரிசையில் தலை குனிந்து இருக்கிறா. தலை நிமிருங்கள் றுக்கியா! அவ கேட்பா, ஜெமீல் எழுதுவார். எங்கள் கேள்விகளின் கடைசியில் அவ ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னா: "நீங்க எங்ககிட்ட என்ன கேக்கணும்?" ஜெமீல் திகைத்துப்போனார். "ஆராய்ச்சியில நாங்கதானே கேக்கிறது?" என்றார். "அவங்களுக்கும் வாய் இரிக்கிதானே தம்பி" என்றா றுக்கியா.

போன கிழமை, பழகிப் பார்க்க, அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். கிறேஸ் என்று ஒரு தாய். துறைமுகத்தில் கணவருக்கு வேலை போய்விட்டது. எல்லாக் கேள்விக்கும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே பதில் சொன்னா. கடைசிக் கேள்வியைக் கேட்டோம். அவ எங்களைப் படலை வரை கூட்டி வந்தா. பிறகு கேட்டா: "நீங்கள் திரும்பி வருவீங்களோ?"

அவ்வளவுதான் சபையோரே! அரிசி கேட்கவில்லை, ஆதரவு கேட்கவில்லை. திரும்பி வருவீங்களோ என்று கேட்டா. எத்தனை பேர் வந்திருப்பார்கள்! எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்! எத்தனை பேர் தேத்தண்ணி குடித்திருப்பார்கள்! திரும்பி வந்தவர் எத்தனை பேர்? சொல்லுங்கள் தொண்டர்களே, திரும்பிப் போவீர்களா?

ஓம் என்கிறீர்கள். மண்டபம் அதிர ஓம் என்கிறீர்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டாம். நாளை காலை, அந்த வாசலிலே, அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.

இவ்வளவு நேரம் என் நாவைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், கடிகாரத்தை மறந்து காது கொடுத்த பெரியோருக்கும், கண் கலங்கிய தாய்மாருக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். எல்லோருக்கும் இறைவன் சமாதானம் தரட்டும். வணக்கம்!