புலாவ் நல்லாருக்கு

இல்லப்பா, வண்டிக் கூரையில கண்ணாடி எனக்கெதுக்கு? வானத்தப் பாத்துக்கிட்டா ஓட்டப் போறா எம்பொண்ணு? சீட்டு சூடாகுதா, ஆகட்டும், அது நல்லதுதான், எங்க நாரின் பக்கத்துக் குளிருக்கு வேணும். ஆனா அத முதல்ல சொல்லாத. முதல்ல ப்ரேக்கச் சொல்லு. முன்னால ஏதாச்சும் வந்தா தானா நிக்குமா நிக்காதா?

நிக்கும்ங்குற. ஆளத் தெரியும், சைக்கிளத் தெரியும். சரி, ஆடு? சிரிக்காத தம்பி, நெஜமாத்தான் கேக்குறேன். குளிர் தொடங்குறப்ப மேய்ச்சல்லேர்ந்து ஆடு மொத்தமா இறங்கும், டோலோன் கணவாய்ல ரோடே கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கேமராவச் செஞ்சவன் ஆட்ட ரோட்டுல பாத்திருக்கானா, இல்ல தட்டுல மட்டும்தான் பாத்திருக்கானா?

தெரியாதுன்னு சொன்ன பாரு, அதுக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் உங்கிட்ட நிக்கலாம். அந்த வரிசைக் கடைசில ஒருத்தன், சிவப்புத் தொப்பி, அவன் வண்டிக்குத் தெரியாததே இல்லையாம். ஆட்டத் தெரியுமாம், ஓநாயத் தெரியுமாம். எங்க மாமியாரையும் தெரியுமான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

யாருக்கா? எம்பொண்ணு சைகலுக்கு. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தா, விட்டுட்டா. இனிமே பிஷ்கெக்குக்கும் நாரினுக்கும் ஆள் ஏத்தி ஓட்டப் போறா, அவ அப்பா ஓட்டின அதே ரூட்டு. ஆமா, பொண்ணுதான். அதுக்கென்ன இப்ப? எங்க டாக்ஸி ஸ்டாண்டுல நிக்கிற தடியனுங்க பேசறதெல்லாம் கேட்டாச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணு ஸ்டியரிங்கப் புடிச்சா மாப்பிள்ளை பின் சீட்டுலயா வந்து உக்காருவான்னு ஒருத்தன் கேட்டான். காசு குடுத்தா உக்காரட்டும்னேன்.

நான் வேணாம்னுதான் சொன்னேன். வேற எந்த ரோட்டுல வேணா ஓட்டு, அந்த ரோட்டுல வேணாம்டின்னேன். கேக்குற ஜென்மமா? அப்பனக் கொண்டு பொறந்தது. சரி போ, ஆனா நான் பாத்து வாங்குற வண்டியிலதான் போகணும், இல்லேன்னா சாவியத் தின்னுடுவேன்னேன். அதான் வந்து உன் உயிர வாங்குறேன்.

பதினெட்டாயிரம் டாலர். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. குதிரைங்களையும் வித்தாச்சு. அதனால அந்தக் கறுப்பு ஜீப்பக் காட்டாத, அது மந்திரிங்க வண்டி. இது போதும், இந்தச் சாம்பல் கலர். உள்ள உக்காந்து பாக்கலாமா?

ம். உசரமா இருக்கு. ரோடு நல்லாத் தெரியுது. இது என்ன தொங்குது? ஓ, இந்தக் கொக்கியா. பெல்ட்டப் போடாமயே போட்ட மாதிரி வண்டிய ஏமாத்தறதுக்கு இலவசமாக் குடுக்குறீங்களா? எடு இத. தூரப் போடு. இவ்வளவு காசக் குடுத்து உசுரக் காப்பாத்துற வண்டி வாங்குவானுங்களாம், அப்புறம் பத்து சோம் காசுக்குக் கொக்கி வாங்கி அது வாயக் கட்டுவானுங்களாம். உன்னச் சொல்லல தம்பி. ஊரே அப்படித்தான் இருக்கு.

ரோட்டுல போட்ட கோட்டத் தாண்டினா ஸ்டியரிங்க அதுவே திருப்புமா? பனி மூடிட்டா கோட்டுக்கு எங்க போகும்? அப்ப சும்மா இருக்கும். சரி, கோடு தெரியிறப்பவாச்சும் திருப்பட்டும். பக்கத்துல வர்ற வண்டி தெரியும், பின்னால வர்றது தெரியும், மோதினா விரியிற பலூன் எத்தன? எல்லாப் பக்கமுமா? பின் சீட்டுலயுமா? நல்லது.

இது என்ன, இந்த முன் கண்ணாடி ஓரத் தூண்ல, குட்டிக் கண்ணு மாதிரி?

தெரியும், தெரியும். உன் வாயால சொல்லட்டும்னு கேட்டேன். ஓட்டுறவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கும். கண்ணு சொருகினாக் கண்டுபுடிச்சிடும். கண்டுபுடிச்சு என்ன பண்ணும்? சத்தம் போடும். அப்புறம்? பேசும்.

என்ன மொழியில பேசும்?

பாத்தியா, நீயும் கழுத்தச் சொறியிற. காலையிலேர்ந்து இதத்தான் கேட்டுட்டு வர்றேன், எல்லாரும் இந்த எடத்துலதான் கழுத்தச் சொறியிறீங்க. ஸ்க்ரீன்ல எழுத்த ரஷ்ய மொழிக்கு மாத்திக் குடுப்போம்ங்குறான் ஒருத்தன். எழுத்து மாறும், குரல் மாறாதே! மொழி என்னக்கா மொழி, சத்தம் வந்தா முழிச்சுக்க மாட்டாங்களாங்குறான் இன்னொருத்தன். அவன அடிச்சிருப்பேன். கையில பையி இருந்துச்சு.

குடு, டீ குடிக்கிறேன். பாதிக் கிண்ணம்தான் ஊத்தியிருக்க, நல்லா வளத்திருக்காங்க உன்ன. ரொப்பி ஊத்தியிருந்தா, கிளம்புங்கன்னு சொல்றான்னு எழுந்து போயிருப்பேன்.

எங்க வண்டியும் இதே கம்பெனிதான், இதுக்கு முந்தின மாடல். அதச் செய்யிற நாட்டுலேர்ந்து நேரா வந்தது, ஒண்ணையும் மாத்தல. அதுவும் பேசும். ஒரு பொண்ணு குரல். எவ்வளவு மரியாதையான குரல்ங்குற! ஒரு வார்த்தை புரியாது. எங்க வீட்டுக்காரர் பேரு ஷர்ஷென். அவருக்கு ஒரே குறை, வீட்டுக்கு மருமக வரலன்னு. பையன் மாஸ்கோவுல இருக்கான், கல்யாணப் பேச்ச எடுத்தாலே போன்ல சிக்னல் போயிடும் அவனுக்கு. அதனால இவரு, இந்தப் பொண்ணே எம்மருமகள்னு வச்சுக்கிட்டாரு. காலையில சாவியப் போட்டதும் அவ என்னமோ சொல்லுவா, இவரு நல்லா இரும்மான்னு ஆசீர்வாதம் பண்ணுவாரு. கதவு சரியா மூடலன்னா சொல்லுவா, பெல்ட் போடலன்னா சொல்லுவா. அதெல்லாம் விளக்கு எரியிறத வச்சுப் பழகிட்டோம். மருமக எதுத்துப் பேசாம, குரல ஒசத்தாம, மாமனார எப்படிப் பாத்துக்குறா பாருன்னு என்னக் குத்துவாரு. உங்க மொழி தெரிஞ்சா அவளும் எதுத்துதான் பேசுவான்னு நான் சொல்லுவேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் விளக்குல பிடிபடல. அது எப்பவாச்சும்தான் வரும். நெடுந்தூரம் போறப்ப, மத்தியானத்துக்கு மேல. ஸ்க்ரீன்ல ஒரு கிண்ணம் வரும், ஆவி பறக்க. அவ மெதுவாச் சொல்லுவா. எனக்கு மனப்பாடம். சொல்லவா? சிரிக்கக் கூடாது.

நின் யீ பிலாவ் ஜியாஷி. ச்சிங் ஜூயீ சியூஷி.

முதல் பாதி நம்ம காதுக்கு எப்படி விழும், சொல்லு? பலோ ஜக்ஷி! அப்படித்தான விழும்? புலாவ் நல்லாருக்குன்னு! அதோட ஆவி பறக்குற கிண்ணம் வேற. அவருக்கு வந்த சந்தோஷத்தப் பாக்கணுமே. பாருடி, நேரம் தவறாமச் சாப்பிடக் கூப்பிடுறா, மாமா புலாவ் நல்லாருக்கு, டீயும் ஊத்தி வச்சிருக்கேன், வாங்கன்னு சொல்றான்னாரு. அன்னியிலேர்ந்து அதுதான் எங்க வேடிக்கை. அவ சொன்னா, இவரு வர்றேம்மான்னு பதில் சொல்லுவாரு. ஏறுற சனங்களுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எத்தன பேரு ஏறி இறங்கினாங்க அந்த வண்டியில, ஒருத்தரும் அதுக்கு அர்த்தம் அது இல்லைன்னு சொல்லல. எல்லாரும் சிரிச்சாங்க.

தம்பி, நீ டுங்கான் பையன்தான? டோக்மோக் பக்கமா? முதல்லயே தெரிஞ்சுடுச்சு, போன்ல உங்கம்மாகிட்டப் பேசிட்டிருந்தியே. உங்க வீட்டுப் பேச்சு இந்த வண்டி செய்யிறவங்க பேச்சுக்கு ஒட்டுனதும்பாங்க. நீ எல்லை தாண்டி உரும்ச்சி வரைக்கும் போய் வண்டி எடுத்துட்டு வர்றவன், பேரம் பேசுறவன். இத்தன பேரத் தாண்டி உங்கிட்ட வந்து ஆட்டப் பத்தியும் கூரையப் பத்தியும் ஏன் பேசிட்டிருக்கேன்னு நெனச்ச?

சொல்லு. என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?

ஏன் கீழ பாக்குற? நான் ஒண்ணும் விழுந்துட மாட்டேன். இன்னொரு தடவ வேணும்னாச் சொல்றேன், நின் யீ...

ம்.

களைப்பா.

பிலாவ்னா களைப்பு. நீங்க களைச்சுப் போய் ஓட்டுறீங்க. அப்புறம் அந்த ரெண்டாவது பாதி? தயவு பண்ணிக் கொஞ்சம் ஓய்வெடுங்க. தயவு பண்ணின்னா சொல்றா? அட பாவிப் பொண்ணே. அவ்வளவு மரியாதையா எதுக்குச் சொன்ன.

இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நீ உக்காரு. மனசுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருந்துச்சு, இன்னிக்குத் தீந்துச்சு. அவ்வளவுதான்.

கொச்கோர்ல அவரு தங்கச்சி பொண்ணு கல்யாணம். சொந்தக்காரங்கள ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி ரெண்டு ராத்திரி அவரு படுக்கவே இல்ல. மறுநாள் மத்தியானம் விருந்து முடிஞ்சு கிளம்பினோம். நல்ல வெயிலு, காலியான நேர் ரோடு. நான் பின் சீட்டுல இருந்தேன், முன் சீட்டுல பரிசுக் கம்பளத்த வச்சிருந்தாங்க. விருந்து வீட்டுல கட்டிக் குடுத்தது எம்மடியில. என்ன கட்டிக் குடுத்தாங்கன்னு நெனக்குற? புலாவ்தான் தம்பி. சூடு கூட ஆறல. வண்டி பூரா வாசனை.

அவ சொன்னா. கிண்ணம் வந்துச்சு. இவருக்குச் சிரிப்புத் தாங்கல. பாருடி, மருமகளுக்கு வாசனை தெரிஞ்சுடுச்சு, அவளுக்கும் ஒரு பிடி எடுத்து வைன்னாரு. நானும் சிரிச்சேன். வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி சொன்னா. கேட்டுச்சும்மா கேட்டுச்சுன்னாரு. குரல் கொஞ்சம் கம்மியாத்தான் வந்துச்சு, வயிறு ரொம்பின மயக்கம்னு நெனச்சேன். மூணாவது தடவ அவ சொன்னப்ப, வர்றேம்மா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்னாரு. அதுதான் அவரு பேசின கடைசிப் பேச்சு. எதுக்க நிலக்கரி லாரி.

வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. கடைசி நேரத்துல அதுவேதான் ப்ரேக்கப் புடிச்சுது, ஸ்டியரிங்கயும் திருப்பிச்சு. அதனாலதான் உன் டீயக் குடிச்சுக்கிட்டு நான் உக்காந்திருக்கேன். அந்தப் பொண்ணு மேலயும் குத்தமில்ல. ஒரு மருமக எத்தன தடவ சொல்லணுமோ அத்தன தடவ சொன்னா. எங்களுக்குத்தான் காது இருந்துச்சு, அவ பேச்சு தெரியல.

ஒரு உதவி பண்ணு. நம்ம மொழியில அத ஒரு தடவ சொல்லு. மெதுவா வேணாம், கோவமா, யாரையோ தட்டி எழுப்புற மாதிரி.

ஆமா. இப்படிச் சொல்லியிருந்தாக் கேட்டிருப்பாரு. திட்டிக்கிட்டே ஓரங்கட்டியிருப்பாரு. அவரு நல்ல டிரைவர்ப்பா, நம்பு.

சரி, இந்தச் சாம்பல் கலர நான் எடுத்துக்குறேன். குரல மாத்த வழியே இல்லையா? ரஷ்ய மொழிக்காச்சும்? மெக்கானிக் இருக்கானா? முயற்சி பண்ணுவான், உத்தரவாதம் இல்ல. ம். மாறினா நல்லது. மாறலன்னாலும் இதத்தான் எடுக்கணும், என் காசுக்கு இந்தக் கண்ணு வச்ச வண்டி வேற இல்லையே.

அதோ வர்றா, நீல ஜாக்கெட்டு, அவதான் சைகல். பின்னல் கூடப் போடாம வந்திருக்கா பாரு. எல்லா வண்டிக்கும் கீழ குனிஞ்சு பாத்துட்டு வர்றா, அவ அப்பாவும் இப்படித்தான் பாப்பாரு. வண்டியில மருமக என்ன பேசுவான்னு அவளுக்கும் தெரியும். அப்பா கூட்டிட்டுப் போறப்பெல்லாம் அவளும் சேந்து சொல்லிச் சிரிச்சிருக்கா, பலோ ஜக்ஷி பலோ ஜக்ஷின்னு. இப்பவும் அதக் கேட்டா அவளுக்கு அப்பா ஞாபகம்தான் வரும், தூக்கம் ஞாபகம் வராது. அந்த ரோட்டுல தனியா அவ அதக் கேப்பா தம்பி. கேட்டுட்டுச் சிரிப்பா.

அதனால சாவியக் கையில குடுக்குறதுக்கு முன்னால நீயே அவகிட்டச் சொல்லிடு, அது புலாவ் இல்லன்னு. எனக்கு வாய் வராது.