ஐந்தாவது நட்சத்திரம்

2006ஆம் ஆண்டு நவம்பர் 13, திங்கட்கிழமை. இன்று காலை நம் இணைய மன்றத்தைத் திறந்தபோது, என் பெயருக்குக் கீழே இருக்கும் ஐந்து நட்சத்திரங்களுள் ஒன்றைக் காணவில்லை. இது எனக்கு இழைக்கப்பட்ட அநீதி. முறையீட்டை முதலில் சொல்லிவிட்டேன். காரணங்களை இனிச் சொல்கிறேன்.

என் பெயர் கஜபதி. அம்பத்தூரில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மிக்ஸி சுற்றவில்லை, மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதும் இம்மன்றத்தின் நெறியாளன்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு செய்தி. மன்றம் வருவதற்கு முன் நமக்கு இருந்தது செய்திக்குழு. பூந்தமல்லியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஃபஹீம் அதை நடத்தினார். ஒருவர் கேள்வி அனுப்புவார். மற்றவர்கள் அதன் அடியில் பதில் அனுப்புவார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய காலம் அது. என் கண்கள் பட்ட பாட்டை விவரிக்கப் போவதில்லை. அங்கே நட்சத்திரம் கிடையாது. அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. அதைவிடக் கொடுமை, பிறர் அனுப்பியதை நீக்கவும் முடியாது.

2001இல் ஓர் அம்மையார், கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று எழுதியிருந்தார். எர்த் இல்லாத பழைய வீடு. பிளக் செருகும் பெட்டிக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டால் போதும் என்று பதில் எழுதினேன். என் வீட்டிலும் அப்படித்தான் செய்திருந்தேன். அழகான பதில், பதினோரு வரி.

மறுநாள் அதன் அடியில் மஸ்தான் எழுதினார். இவர் பூந்தமல்லியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். எட்டாம் வகுப்போடு நின்றவர்.

"வாத்தியாரே, நீங்க சொல்றது ஷாக்க நிறுத்தாது, ஒளிச்சிதான் வெக்கும். கம்பத்துல நியூட்ரல் அறுந்துச்சின்னா கிரைண்டர் மொத்தமும் கரண்ட்டு ஆயிடும். தொட்டவங்க கதி இன்னா? யாரும் செய்யாதீங்கோ. குழி தோண்டி எர்த் போடுங்கோ."

இவ்வாறு ஒன்பது வரி. குழுவிலுள்ளோர் அத்தனை பேரும் படித்தார்கள். மூன்று ஆண்டுகள் அந்தக் கடிதம் என் பதிலின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. என் பதிலை யார் தேடி எடுத்தாலும் அதுவும் கூடவே வந்தது.

2004இல் ஃபஹீம் இந்த மன்றத்தைத் தொடங்கினார். என் வாழ்வில் அத்தகைய வசந்தத்தை நான் கண்டதில்லை. முழுவதும் தமிழ் எழுத்து. பதில் பிடித்திருந்தால் அழுத்துவதற்கு 'நன்றி' என்றொரு பொத்தான். நூறு நன்றிக்கு ஒரு நட்சத்திரம்.

"சார், பழைய மேட்டர் எல்லாம் இங்க வரணும். இங்கிலீசு எழுத்துல கீது, தமிழ்ல அடிக்கணும். உங்கள வுட்டா யாரு கீறாங்க?" என்றார் ஃபஹீம்.

யாரும் இல்லை. இரண்டு மாதங்கள் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களைத் தமிழில் தட்டச்சு செய்தேன். சந்திப் பிழை ஒன்றுகூட இருக்காது. காலை ஆட்டிக்கொண்டு, முணுமுணுவென்று பாடிக்கொண்டு வேலை செய்தேன். "இன்னாங்க, புது மாப்ள மாரி துள்றீங்க?" என்று என் மனைவி வசந்தகுமாரி கேலி செய்தாள். மாப்பிள்ளையாக இருந்தபோது நான் இவ்வளவு துள்ளியதில்லை என்பதே உண்மை.

மஸ்தானின் ஒன்பது வரிகளை மட்டும் நான் தட்டச்சு செய்யவில்லை. பொய்யாக எதையும் சேர்க்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்றை விட்டேன், அவ்வளவே. பழைய செய்திக்குழுவை ஃபஹீம் மூடினார். கிரைண்டர் பதில் முதன்முறையாகத் தனியாக, தலை நிமிர்ந்து நின்றது. அதற்கு மட்டும் அறுபத்தொரு நன்றிகள் வந்தன.

அறுபத்தொன்றாவது நன்றி சென்ற அக்டோபர் 9 அன்று வந்தது. அனுப்பியவர் பருத்திப்பட்டில் ஏரியோரம் குடியிருக்கும் கார்த்திகேசன். ஆவடித் தொழிற்சாலை ஊழியர்.

"சார், மாவாட்டும்போது கை சுள்ளுன்னு இழுக்குதுன்னு எங்க அம்மா பயந்துகினு இருந்தாங்க. உங்க பதில பாத்து கம்பி குடுத்தேன். இப்ப ஒண்ணுமே இல்ல. வந்தீங்கன்னா இட்லி சுட்டுப் போடுறேன்னு நாகம்மா சொல்லச் சொன்னாங்க. நாகம்மா எங்க அம்மா பேரு."

மொத்தக் கணக்கில் அது என் ஐந்நூறாவது நன்றி. ஐந்தாவது நட்சத்திரம் பொன்னிறத்தில் முளைத்தது. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஜாங்கிரி கொடுத்தேன். அண்ணனூர் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுப்பவரிடமும் விளக்கினேன். பின்னால் நின்றவர்கள் என்னை நகர்த்திவிட்டார்கள்.

மறுநாள் மஸ்தான் மன்றத்தில் உறுப்பினராகி, அதே ஒன்பது வரிகளை மீண்டும் எழுதினார். நெறியாளருக்கு 'நீக்கு' என்றொரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். எவ்வளவு மெல்லிய ஓசை, எவ்வளவு சுத்தமான வேலை. அவர் மறுபடி எழுதினார், நீக்கினேன். மூன்றாம் முறை அவர் பெயரையே தடை செய்தேன். குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வாத்தியாரே, அந்தத் தம்பி ஊட்டு அட்ரஸ் குடுங்க. நானே போயி அந்தக் கம்பிய கயட்டிட்டு வந்துர்றேன்."

உறுப்பினர் விவரங்களை வெளியிட விதி இடம் தருவதில்லை என்றேன்.

"விதியா? அந்தம்மா ஈரக் கையோட கிரைண்டர தொட்டுகினு கீது. என்ன எவ்ளோ வேணா திட்டிக்கோங்க. என் பேரு கூட வாணாம். உங்க பேர்லயே எயுதுங்க, தப்பா சொல்லிட்டேன், கயட்டிடுங்கன்னு. ஒரே வரி."

அவர் கணக்கிடாத ஒன்று உண்டு. தவறு என்று எழுதினால் அந்தப் பதிலை எடுத்துவிட வேண்டும். பதில் போனால் அறுபத்தொரு நன்றிகளும் போகும். நான் மீண்டும் நான்கு நட்சத்திரக்காரன். பார்க்கிறேன் என்று சொல்லி, மோர் அருந்துகிறீர்களா என்று கேட்டேன். அருந்தாமலே சென்றார். விருந்தோம்பலில் நான் குறை வைக்கவில்லை.

நவம்பர் 4 அன்று பருத்திப்பட்டில் காற்றும் மழையும். மரக்கிளை விழுந்து தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தது. நாகம்மா கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தார். பாதி மாவு கல்லிலேயே இருந்ததாம்.

ஃபஹீம்தான் தொலைபேசியில் சொன்னார். "சார், ஷாக் அடிச்சி அந்தம்மா செத்துப் பூட்டாங்க. மஸ்தான் பாய் எயுதினத நீங்கதான் தூக்கினீங்களா?"

விதிப்படி நீக்கினேன் என்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கார்த்திகேசன் ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நேற்று மன்றத்துக்கு வந்து, தன் நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போயிருக்கிறார். இடைப்பட்ட நாள்களில் வந்த மூன்று கேள்விகளுக்கும் யார் யாரோ முந்திக்கொண்டு பதில் எழுதிவிட்டதால் என் கணக்கு ஐந்நூறிலேயே நின்றிருந்தது. இப்போது நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அறியாமல் எழுதிய பதில் என்று சிலர் எனக்காகப் பரிந்து பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். அது என்னை இழிவுபடுத்துவது. எனக்குத் தெரியும். 2001இல் மஸ்தானின் கடிதம் வந்த அன்று மாலையே என் வீட்டுப் பெட்டியைத் திறந்து அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். அதே வாரத்தில் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, முறையாக எர்த் போட்டேன். அது முடியும்வரை வசந்தகுமாரியைக் கிரைண்டரின் அருகே விடவில்லை. மஸ்தான் எழுதியதில் வாக்கியங்கள் கோணலாக இருந்தாலும் பொருள் முற்றிலும் சரி.

ஆகவே என் அறிவைப் பற்றி யாரும் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. இன்னும் அறுபது வீடுகளில் அந்தக் கம்பி இருக்கிறது. அவர்களுள் ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. பதிலும் மன்றத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

இதுவரை பொறுமையாகப் படித்த உறுப்பினரே, அந்தப் பதிலுக்குச் செல்லுங்கள். அதன் அடியில் இடப்புறம் 'நன்றி' என்ற பொத்தான் இருக்கும். ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. அழுத்துங்கள்.