பவதாரணியின் அஞ்சு நோட்டு

டீ வர இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம். அதுக்குள்ள டீச்சருங்க உங்களுக்கெல்லாம் ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். கதைன்னா... நான் பண்ண கூத்துதான். கடைசி வரிசையில கண்ணை மூடியிருக்கற சார், நீங்களும் கேளுங்க. இது உங்க கதையும்தான்.

நான் அப்ப கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்புக்கு நாங்க அஞ்சு பேரு பாடம் எடுத்தோம். பிள்ளைங்க எப்படிப் படிக்கறாங்கன்னு கலந்து பேச வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்குக் கூட்டம். ஒரு வாரம் தவறாது! கூட்டம் நடக்கும்... நாங்கதான் போக மாட்டோம். எப்படிங்கறீங்களா? ஆபீஸ்லேருந்து ரிஜிஸ்டர் வகுப்பு வகுப்பா வரும். 'விரிவாக விவாதிக்கப்பட்டது'ன்னு முன்னாடியே எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவோம். என்ன சிரிக்கறீங்க? உங்க பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானா?

அந்த வகுப்புல பவதாரணின்னு ஒரு பொண்ணு. சுமாராப் படிக்கற பொண்ணு, தொந்தரவே கிடையாது. ஒரு நாள் போர்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினா. உடனே எனக்கு அக்கறை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "இனிமே என் பீரியட்ல நீ முதல் பெஞ்ச்!"ன்னேன்.

அடுத்த பீரியட் தமிழ் ஐயா தணிகாசலம். முதல் பெஞ்சுல பக்கத்துப் பிள்ளைகிட்ட அவ ஏதோ பேசிட்டா. "பேச்சா? போ, கடைசி பெஞ்சுக்கு!" அதுக்கப்புறம் அறிவியல் எமல்டா டீச்சர். பொண்ணு ஒரு கொட்டாவி விட்டிருக்கா. "காத்து வரலம்மா உனக்கு, ஜன்னலோரம் உக்காரு." சமூக அறிவியல் காதர் சார் வந்தாரு. "ஜன்னல் வழியா என்ன வேடிக்கை? சுவரோரம் போ!" இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு அவ குரல் கேக்கலயாம். "கம் கம், என் நாற்காலி பக்கத்துல தரையில உக்காரு."

ஆச்சா? அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொல்லி வெச்சோம்... "என் பீரியட்ல எப்பவும் உனக்கு இதுதான் இடம்."

பெல் அடிக்கும். பை, தண்ணி பாட்டில், சாப்பாட்டுக் கூடை, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் பொண்ணு கிளம்புவா. அங்க இருக்கற பிள்ளை எந்திரிக்கணும், பெஞ்சே எந்திரிக்கணும். ஒரு தடவை காதர் சார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவ நடு வழியில குனிஞ்சு பாட்டிலைத் தேடிக்கிட்டு இருந்தா. ஆப்சென்ட் போட்டுட்டாரு! வகுப்புக்குள்ளயே இருக்கா... ஆப்சென்ட்! நமக்கு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர் வந்தாலே கோர்ட்டுக்குப் போறோம். அந்தப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு டிரான்ஸ்பர்!

மார்க் குறைஞ்சது. நாங்க சும்மா இருப்போமா? மருந்தை இன்னும் கூட்டினோம். நான் அவளைப் போர்டுக்கே ஒட்டி உக்கார வெச்சேன், தலையெல்லாம் சாக்பீஸ் தூள். தமிழ் ஐயா கடைசி பெஞ்சையும் தாண்டி வாசல்படியில உக்கார வெச்சாரு. அரைப் பரிட்சையில அஞ்சு பாடத்துலயும் ஃபெயில். அஞ்சு பேரும் தனித்தனியா எழுதிக் குடுத்தோம்... "மெல்லக் கற்கும் மாணவி."

அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை அவ அப்பா பொன்ராசு வந்துட்டாரு. எங்க அஞ்சு பேரையும் ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அந்த வருஷம் நாங்க அஞ்சு பேரும் ஒரே ரூமுல நின்னது அன்னைக்குத்தான்.

"டி.சி. குடுத்துடுங்க சார். படிப்பு ஏறல. பனியன் கம்பெனியில சொல்லி வெச்சிருக்கேன். ஒரே இடத்துல உக்காந்து செய்யற வேலைதான்."

மஞ்சப்பையைக் கவுத்தாரு. அஞ்சு நோட்டும் மேசை மேல விழுந்துச்சு.

எமல்டா டீச்சர் சும்மா ஒண்ணைப் புரட்டினாங்க. இன்னொண்ணையும் புரட்டினாங்க. "சார்... எல்லா நோட்டுலயும் பாடத்தோட ஆரம்பமே இல்லயே?"

நான் என் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். தேதி இருக்கு... முதல் கணக்கு இல்ல. ரெண்டாவது கணக்கு பாதியிலேருந்துதான் இருக்கு. தமிழ்ல செய்யுளுக்கு முதல் ரெண்டு வரி இல்ல. அஞ்சு நோட்டுலயும் தினமும் முதல் ஏழெட்டு நிமிஷம் காணோம். எங்க போச்சு அந்த நிமிஷமெல்லாம்?

வகுப்புலேருந்து அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஏம்மா, முதல்ல நடத்தறதை நீ எழுதறதே இல்லயா?"

"அப்ப நான் வந்துக்கிட்டிருப்பேன் சார்."

"எங்கேருந்து?"

"போன பீரியட்லேருந்து சார்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. தணிகாசலம் ஐயாதான் தொண்டையைச் செருமிக்கிட்டுக் கேட்டாரு. "உனக்கு எந்த இடம்மா வேணும்?" ஆறு மாசத்துல அந்தக் கேள்வியை அப்பத்தான் ஒருத்தர் கேட்டாரு.

அவ அழல, கோபப்படல. "எங்க வேணாலும் சார். ஒரே இடமா இருந்தா போதும்."

பொன்ராசு மகளையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் ஒவ்வொரு நோட்டா எடுத்து மறுபடியும் மஞ்சப்பையில போட்டாரு. டி.சி.யைப் பத்திப் பேசவே இல்ல. அன்னைக்கே அஞ்சு பீரியடுக்கும் அவளுக்கு ஒரே இடம்னு நாங்க சேர்ந்து முடிவு பண்ணோம்.

முழுப் பரிட்சையில அவ முதல் மார்க் வாங்கினான்னு நான் கதை விட மாட்டேன். என் பாடத்துல நாற்பத்தி மூணு. ஆனா பத்தாம் வகுப்புக்குப் போனா. மூணாவது பெஞ்ச், ஓரத்து இடம்.

ஏன் இதைச் சொல்றேன்? நாங்க அஞ்சு பேரும் அக்கறை இல்லாதவங்களா? இல்லவே இல்ல! அஞ்சு பேருக்கும் அக்கறை வழிஞ்சது. ஆனா ஒருத்தர் அக்கறையை இன்னொருத்தர் விசாரிக்கல. 'நான் செஞ்சது சரிதானா'ன்னு திரும்பிப் பார்க்கல. சுமந்தது யாரு? பிள்ளை சுமந்துச்சு.

இந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கும் ரிஜிஸ்டர் வரும். வந்ததும் கையெழுத்துப் போட்டுடாதீங்க, கால்ல விழுந்து கேக்கறேன். உங்க வகுப்புல ஒரே ஒரு பிள்ளையோட அஞ்சு நோட்டையும் எடுத்துக்கிட்டு அஞ்சு பேரும் ஒரு மேசைக்கு வாங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அப்புறம் அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, உனக்கு என்னம்மா வேணும்னு ஒரு வார்த்தை கேளுங்க.

டீ வந்துடுச்சு போல. போங்க, போய்க் குடிங்க... ஆனா தமிழ் ஒரு மூலை, கணக்கு ஒரு மூலைன்னு நிக்காதீங்க. ஒண்ணா உக்காருங்க.