பேர்ளி அக்கா சொன்ன அமெரிக்கா

மேடையில் இருக்கும் எங்கள் வானொலி நிர்வாகி இரத்தினம் ஐயா அவர்களே, சற்று முன் எங்களோடு சேர்ந்து மன்றாடிய அருட்தந்தை அவர்களே, பேர்ளி அக்காவின் மகள் சுஜானி, ஞாயிறு வியாபாரத்தை இடையில் விட்டுக் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் பரிஸ் லா சப்பல் கடைத்தெரு வர்த்தகர்களே, கதிரை போதாமல் சுவரோரம் நிற்கும் நேயர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் தயாளினி. உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. குரலும் தெரியாது. பேர்ளி றெமிஜியஸ் அவர்கள் ஞாயிறுதோறும் நடத்திய ‘கடலிலிருந்து கடலுக்கு’ நிகழ்ச்சியில் ஒலியைக் கவனித்தவள் நான். அக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பேன். பேசுகிற வேலை எனக்கு வரக்கூடாது என்பதற்காகவே அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தவள், இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை, வேலைக்குப் போகும் வழியில், மாரடைப்பு எங்கள் அக்காவைக் கொண்டுபோய்விட்டது. அவர் சொல்லிக்கொண்டு வந்த அமெரிக்க வரலாறு மிசூரி ஆற்றங்கரையில் நிற்கிறது. மேற்கே குடியேறப் போகிறவர்களின் மாட்டுவண்டிகள் ஒரேகனுக்குப் புறப்பட ஆயத்தமாக நிற்கின்றன. சமவெளி இருக்கிறது, மலை இருக்கிறது, கலிபோர்னியாவின் தங்கம் இருக்கிறது, அதற்கப்பால் பசுபிக் கடல் இருக்கிறது. சொல்லிக்கொண்டு வந்தவர் இல்லை. அந்த ஞாயிறு நேரத்தை இனித் திரைப்பாடலுக்குக் கொடுக்கலாமா என்று நிர்வாகத்தில் பேச்சு இருப்பதும் இங்கே பலருக்குத் தெரியும். அதைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு அக்காவைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

பேர்ளி அக்கா யார்? மன்னாரில் பிறந்தவர். பரிஸ் நகருக்கு வந்து, ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்து, நாற்பது வயதுக்குப் பிறகு மாலை வகுப்புக்குப் போய் வரலாற்றில் பட்டம் எடுத்தவர். எடுத்த பட்டத்தைச் சுவரில் மாட்டாமல் வானொலிக்குக் கொண்டுவந்தவர்.

நிகழ்ச்சி தொடங்கிய முதல் ஞாயிறே, எங்கள் சரித்திரம் அவ்வளவு கிடக்க அமெரிக்கா எதற்கு என்று ஒரு நேயர் கேட்டார். அக்கா சிரித்தார். “எங்கட பிள்ளையள் இப்ப அங்கையும் வீடு வாங்குகினம். காணி வாங்கிறதெண்டா மூண்டு தலைமுறை உறுதிப்பத்திரம் பாக்கிற சனம் நாங்கள். அந்தக் காணியில முந்தி ஆர் இருந்தது எண்டு மட்டும் கேக்க மாட்டமோ?”

இந்தக் கேள்விதான் அவருடைய நிகழ்ச்சி முழுவதும். வேர்ஜீனியாவுக்குக் கப்பல் வந்தது என்று சொல்வதற்கு முன், அந்தக் கரையில் யார் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னவர் அவர். லூசியானாவை நெப்போலியன் விற்ற கதையைச் சொன்னபோது, “இஞ்சை, இந்தப் பரிஸிலை வைச்சுத்தான் கையெழுத்து. அங்கை குடியிருந்தவையிட்ட ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை” என்றார். அன்று நான் மெற்றோவில் வீட்டுக்குப் போகும்போது, வழமையாகப் பார்க்கும் கட்டடங்களை வேறு மாதிரிப் பார்த்தேன்.

கப்பலில் வந்தவர்களின் முதல் குளிர்காலத்தை, பசியிலும் காய்ச்சலிலும் பாதிப் பேர் மடிந்ததை அவர் சொன்ன நாளில் தொலைபேசி ஓயவில்லை. நேயர்கள் அமெரிக்காவைப் பற்றிப் பேசவில்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்த தங்கள் முதல் குளிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டார். அடுத்த ஞாயிறு, ஆபிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து ஏற்றிவந்த கப்பலைச் சொன்னார். அன்றைக்கு நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் இசை போடவேண்டாம் என்று எனக்குக் கையால் சைகை காட்டினார். தொலைபேசியும் அன்று அதிகம் அடிக்கவில்லை.

லா சப்பல் கடைகளுக்கு வாகனத்தில் சாமான் இறக்கும் லவன் அண்ணையை உங்களுக்குத் தெரியும். அதோ, கதவடியில் நிற்கிறார். செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து எழுப்பிய பகுதி வந்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு அழைத்தார். “அவைக்கு பப்பியே ஒண்டும் இல்லையோ அக்கா?” என்று கேட்டார். வதிவிடப் பத்திரத்துக்கான அந்தப் பிரெஞ்சுச் சொல்லைச் சொல்ல இங்கே யாருக்குப் பயமில்லை? அக்கா சொன்னார்: “இருந்தது தம்பி. உச்ச நீதிமன்றத்திலை வழக்கும் வெண்டவை. வெண்ட பிறகுதான் அவையை அனுப்பினவை.” பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கும் சத்தம் மட்டும் வானலையில் போனது.

அடுத்த கிழமையே அவருக்கும் அக்காவுக்கும் சண்டை. அந்தச் செரோக்கி மக்களில் சிலரும் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள், அந்த அடிமைகளும் அதே வழியில்தான் நடக்கவைக்கப்பட்டார்கள் என்று அக்கா சொல்லிவிட்டார். எங்கட ஆக்களை ஏன் குறை சொல்கிறீர்கள் என்று லவன் அண்ணை கோபித்தார். எங்கட ஆக்கள்! ஜோர்ஜியாவின் செரோக்கிகள் ஒரே கிழமையில் லவன் அண்ணைக்குச் சொந்தமாகிவிட்டார்கள். அக்கா விடவில்லை. “எங்கட ஆக்கள் எண்டா அவையின்ரை குறையும் எங்கடதான். அதையும் சேர்த்து எடும்.”

இப்போது, இந்த நிகழ்ச்சி நின்றுபோக இருந்த நாளைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வானொலியில் ஞாயிறு காலை மரண அறிவித்தல்கள் போகும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று வாசித்தால், எந்த வேலையில் இருப்பவரும் கையை நிறுத்திக் கேட்பார். அது முடிந்த கையோடு அக்காவின் நிகழ்ச்சி. அன்று அக்கா முகவுரை எதுவும் சொல்லவில்லை. அதே குரலில் வாசித்தார்: “ஜோர்ஜியாவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டிருந்து, மேற்கே நடக்கவைக்கப்பட்ட வழியில் பனியில் காலமான, பெயர் எழுதப்படாத தாயார் ஒருவர்...”

முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. எபினே-சூர்-செய்ன் புறநகரிலிருந்து எங்கள் நேயர் கோசலை அம்மா. அடுப்படியில் நின்று பாதியிலிருந்து கேட்டிருக்கிறார். நான் இணைப்பைக் கொடுத்தேன்.

“பிள்ளை, ஆரின்ரை ஆக்கள்? பிரேதத்தை எங்கை வைச்சிருக்கினம், எப்ப எடுக்கினம்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா கண்களை மூடினார். “எடுத்தாச்சு அம்மா. இது நூற்றியெண்பது வருசத்துக்கு முந்தின செத்தவீடு.”

கோசலை அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் வந்தது. பிறகு கேட்டார்: “அப்ப, அதுக்கு ஒருத்தரும் போகேல்லையோ?”

“போகேல்லை அம்மா.”

எந்தப் புத்தகத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது? எந்தப் பேராசிரியர் அதைக் கேட்டிருக்கிறார்?

ஆனால் எல்லோரும் அப்படிக் கேட்கவில்லை. அன்று அதற்குச் சற்று முன் வாசிக்கப்பட்டது, பொண்டியில் வசிக்கும் ஞானரட்ணம் ஐயாவின் மனைவியின் மரண அறிவித்தல். தன் மனைவியின் சாவைக் கேலி செய்துவிட்டார்கள் என்று அவர் நிர்வாகத்துக்கு அழைத்துச் சொன்னார். அவர் குரல் உடைந்திருந்ததாக இரத்தினம் ஐயா எங்களிடம் சொன்னார். விளம்பரம் தருகிறவர்களும் முகம் சுளித்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்துவதென்று ஏறக்குறைய முடிவாயிற்று. அக்கா கேட்டது ஒன்றுதான். முதலில் அந்த வீட்டுக்குப் போய் வரவேண்டும், அதுவரை பொறுங்கள் என்றார்.

நானும் கூடப் போனேன். செத்தவீடு முடிந்த வீடு. ஞானரட்ணம் ஐயா எங்களை இருக்கச் சொல்லவில்லை. “என்ரை மனுசியின்ரை அறிவித்தல் வாசிச்சு வாய் மூட முன்னம், அதே மாதிரி ஒரு கதைக்கும் வாசிச்சுப்போட்டியள்” என்றார்.

“பக்கத்தில பக்கத்தில வைச்சது என்ரை பிழை ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார் அக்கா. “ஆனா அது கதையில்லை.”

“உண்மையாச் செத்தவையோ?”

“ஓம். ஆயிரக்கணக்கில. கனபேரின்ரை பேர்கூட ஒருத்தருக்கும் தெரியாது.”

ஐயா மனைவியின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குசினிக்குள் போனார். சரி, போகச் சொல்லிவிட்டார் என்று நினைத்து நான் வாசல் பக்கம் திரும்பினேன். அவர் தேத்தண்ணியோடு வந்தார். சீனி போட மறந்திருந்தார். நாங்கள் கேட்கவில்லை.

“அடுத்த முறையும் வாசியுங்கோ” என்றார். “ஆனா இடையில ஒரு பாட்டுப் போடுங்கோ. ஒரு செத்தவீட்டாலை வெளிக்கிட்டு மற்றச் செத்தவீட்டுக்குப் போறதுக்குச் சனத்துக்கு நேரம் வேணும்.”

அன்று மாலை அவரே இரத்தினம் ஐயாவுக்கு அழைத்து, நிகழ்ச்சியை நிறுத்தவேண்டாம் என்று சொன்னார். அடுத்த ஞாயிறு, ஒரு பாட்டுக்குப் பிறகு, அந்தப் பெயரில்லாத தாயாரின் அறிவித்தல் முழுவதுமாக வாசிக்கப்பட்டது. ஞானரட்ணம் ஐயா இன்று முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, உங்களுக்கு எங்கள் நன்றி.

அன்பானவர்களே, இப்படி ஒருவரை இழந்திருக்கிறோம். பிழை விட்டால் அந்த வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்டவரை இழந்திருக்கிறோம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உண்மையை விட்டுக்கொடுக்காமல் நின்றவரை இழந்திருக்கிறோம். வந்தவர்களுக்காகவும் இரங்கி, இருந்தவர்களுக்காகவும் இரங்கி, பிடித்துக்கொண்டுவரப்பட்டவர்களையும் மறக்காமல் ஒரு நாட்டின் கதையைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? சுஜானி, உன் அம்மாவால் முடிந்தது. அதை நான் கிட்ட இருந்து பார்த்தேன்.

இந்த மண்டபத்துக்குள் வரும்போது இரத்தினம் ஐயா என்னை வாசலில் மறித்தார். “நேரத்தை ஆருக்கும் குடுக்க எனக்கு ஆசையில்லைப் பிள்ளை. ஆனா கதைக்க ஆள் வேணும். நீர் கதைப்பீரோ?” என்று கேட்டார். நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என்னால் முடியாது என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐயா, கதைப்பன்.

அக்காவின் குரல் என்னிடம் இல்லை. அவருடைய படிப்பும் இல்லை. நான் ஒலிப்பொறியியல் படித்தவள். பகலில் நூலகத்தில் இருந்து வாசிப்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். பிழை விட்டால் லவன் அண்ணை அழைப்பார், கோசலை அம்மா அழைப்பார். உங்கள் முன்னால், அக்காவின் படத்துக்கு முன்னால், பசுபிக் கடல்வரை இந்தக் கதையைக் கொண்டுபோவதாக உறுதி கூறுகிறேன்.

வரும் ஞாயிறு, வழமையான நேரம். மிசூரிக்கு மேற்கே, பிளாற் ஆற்றங்கரையில் பவ்ணி மக்களின் மண்வீடுகள் இருக்கின்றன. அவர்களுடைய சோளத்தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்வேன். மாட்டுவண்டிகள் அதன் பிறகு வரட்டும்.